சூளை கடினம், மூச்சு சுலபம்

எங்கள் சிமெண்ட் ஆலையின் சூளை மின்சாரத்தில் ஓடாது என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஆலைகள் விடும் கரியமில வாயுவைக் குறைக்கப் போட்ட கரிக்குறைப்பு ஆணையம் அதை நேரில் வந்து தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது. பெரியவர்கள் ஆசைப்பட்டால் நாம் என்ன செய்ய முடியும்? நாற்காலிகளைத் துடைத்துப் போட்டோம்.

ஆணையர் மேடம் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் வாயைத் திறந்தால் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் முன்னால் சாய்வார்கள். இப்படிச் சாய்ந்து சாய்ந்தே எங்கள் ஃபோர்மேனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதட்டிப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பழக்கம் உண்டு, சமாளித்துவிடுவேன். மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் பயம்.

அவர்கள் கையோடு ஒரு மின் அடுப்பைக் கொண்டுவந்திருந்தார்கள். கடையில் கிடைத்ததிலேயே பெரியதாம். அதன்மேல் ஒரு சுண்ணாம்புக்கல்லை வைத்து, பிளக்கைச் சொருகி, எல்லோரும் சுற்றி நின்றோம். விளக்குகள் மங்கின. எங்கோ ஏதோ டப்பென்று போனது. ஆலையில் பாதி இருட்டாகிவிட்டது. ஆணையத்தின் இளம் அலுவலர் ஒருவர் கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"சுடுது மேடம்."

"எவ்வளவு?"

"டீ கிளாஸ் அளவுக்கு."

"முன்னேற்றம்" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் மேடம்.

ஃபோர்மேன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். "மேடம், தீயை மாத்தினாலும் பிரச்சினை தீராது. கல்லுக்குள்ளேயே கரியமில வாயு இருக்கு. எதை வெச்சு சுட்டாலும் அது வெளிய வரத்தான் செய்யும்."

"வேற கல்லு போடலாமே?"

"வேற கல்லு போட்டா சிமெண்ட் வராது மேடம்."

மேடம் அந்தக் கல்லை வருத்தத்தோடு பார்த்தார். பிறகு அலுவலரிடம் சொன்னார்: "கல் ஒத்துழைக்கலைன்னு போட்டுக்கோங்க."

அதோடு போய்விடுவார்கள் என்று நினைத்தோம். மறுநாள் மேடம் எல்லோரையும் கிடங்கில் உட்காரவைத்துப் பேசினார்.

"சூளை கடினம். கல் கடினம். கடினமான துறையைக் கஷ்டப்படுத்துறது எங்க ஆணையத்தோட கொள்கை இல்லை. ஆனா குறைப்புன்னு ஒண்ணு காட்டியாகணும். இந்த ஆலையில சூளையைத் தவிர வேற யாரு கரியமில வாயு விடறாங்கன்னு யோசிச்சேன். ரொம்ப யோசிச்சேன்." அன்பாகச் சிரித்தார். "நீங்கதான்."

நாங்கள் எல்லோரும் திரும்பி எங்களுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். சுவர்தான் இருந்தது.

"யாரையும் மூச்சு விடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா அது உரிமை மீறல். குறைச்சு விடுங்கன்னுதான் சொல்றேன். இது விழிப்புணர்வு."

ஃபோர்மேனுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், நாங்க எல்லாரும் சேர்ந்து வருஷம் பூரா விடற மூச்சை, சூளை ஒரு காலைப்பொழுதுல விட்டுடும்."

"ஒப்பிடக் கூடாது சார். பெரியவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தா, சின்னவங்க முயற்சியே எடுக்க மாட்டாங்க."

என் பக்கத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். என் அக்கா புருஷன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஆலையில் அவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஷிப்டுக்கு வரும்போது தொடங்கினால் வீட்டில் தூங்கும்வரை வாய் ஓயாது. அவர் என் காதில் சொன்னார்: "மாப்ள, இந்தம்மா விடற மூச்சை யாருடா அளக்கறது?"

யாரும் அளக்கப்போவதில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆணையம் கடினமான துறையாம்.

அந்த வாரமே மூச்சை அளக்கும் மானிகள் வந்தன. தீப்பெட்டி அளவு டப்பா, கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மூக்குக்குக் கீழே வரும். அளவாக மூச்சு விட்டால் பச்சை. கொஞ்சம் கூடினால் மஞ்சள். அளவை மீறினால் சிவப்பு எரிந்து கீச்சென்று கத்தும். மூன்று முறை சிவப்பு எரிந்தால் விடுவிப்பு. வேலையிலிருந்து நீக்குவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கேட்டால் ஏதோ ஜெயிலிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். விடுவிக்கப்பட்டவர் குடும்பத்தோடு ஆலைக் குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். நாங்கள் மூன்று பேரும் இருந்தது மச்சானுக்கு ஆலை கொடுத்த இரண்டு அறை வீட்டில்.

என் சங்கடம் என்னவென்றால், நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பயந்தால் எனக்கு மூச்சு வாங்கும். மானியை என் கழுத்தில் மாட்டும்போதே, ஐயோ சிவப்பு எரிந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். நினைத்ததும் மூச்சு வாங்கியது. மஞ்சள் எரிந்தது. மஞ்சளைப் பார்த்ததும் இன்னும் பயந்தேன். கீச்!

மாட்டி முடிப்பதற்குள் முதல் சிவப்பு. மாட்டிவிட்ட இளம் அலுவலரே இரண்டடி பின்வாங்கினார்.

ஆலை டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கழுத்திலும் ஒரு மானி இருந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"பயப்படாதீங்க."

"சரி டாக்டர்."

"பயந்தா உமிழ்வு கூடும். கூடினா வேலை போயிடும். வேலை போனா வீடு போயிடும். அக்கா வேற மாசமா இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். அதனால பயப்படவே கூடாது. புரியுதா?"

மஞ்சள் எரிந்தது. "இன்னைக்குப் போதும், போயிட்டு வாங்க" என்று அவசரமாக எழுந்துவிட்டார்.

ஆலை மாறிப்போனது. நாங்கள் வேலை செய்வது சூளைக்கு முன்னால் நிற்கும் டவரில். கல்மாவு மேலிருந்து ராட்சசப் புனல் மாதிரி இருக்கும் இரும்புக் கலன்களின் வழியே இறங்கி, வழியிலேயே சூடாகிச் சூளைக்குள் போகும். லிப்ட்டை ஆணையம் நிறுத்திவிட்டது, மின்சாரம் மிச்சமாம். படியேறினால் மூச்சு வாங்கும். அதனால் மேல்மாடிக்குப் போகிறவர்கள் ஒரு படி ஏறி நின்று, யோசித்து, இன்னொரு படி ஏறினார்கள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. யாரும் சிரிக்கவில்லை. தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்கள் பிதுங்க நின்றார்கள். அந்த இளம் அலுவலருக்கு மூச்சு அலுவலர் என்று பதவி வந்தது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு பூனை மாதிரி வருவார், காதுக்குப் பக்கத்தில் வந்து, "குறைங்க, குறைங்க" என்பார். அதைக் கேட்டு நெஞ்சு பதறியே பல பேருக்குச் சிவப்பு எரிந்தது.

ரேடியோ நின்றுபோனதுதான் எனக்குத் தாங்கவில்லை. மச்சான் வீட்டிலும் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தார், பேசாமல் இருந்தால்தான் பழகும் என்று. அக்கா சண்டை போட்டுப் பார்த்தாள்.

"நான் பாட்டுக்குக் கத்திட்டிருக்கேன், கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே! பதில் சொல்லுங்க!"

மச்சான் கையைக் காட்டினார். ஒரு விரல் மேலே, இரண்டு விரல் பக்கவாட்டில்.

"என்னடா சொல்றாரு உன் மச்சான்?"

"பருப்புல உப்பு கம்மின்னு சொல்றாருக்கா."

அன்று அவருக்குச் சோறு கிடைக்கவில்லை.

மாதக் கடைசியில் விருது விழா வைத்தார்கள். குறைந்த மூச்சு விட்டவருக்குப் பாராட்டு. கிரேன் ஓட்டுநர் ஒருவர் மாதம் முழுக்க ஒரு துளிகூட உமிழவில்லை, சுத்தப் பூஜ்யம். மேடம் அவர் பெயரை வாசித்தார். யாரும் எழுந்து வரவில்லை. ஃபோர்மேன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், அவரு நீண்ட லீவுல ஊருக்குப் போயிருக்காரு. மானி மட்டும் ஓய்வறையில ஆணியில தொங்குது."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். மேடம் குனியவில்லை.

"பார்த்தீங்களா, அவரால முடிஞ்சிருக்கு. ஒரு வேலை செய்யற இடத்துல ஒரு மூச்சுகூட இல்லாம இருக்க முடியும்னு காட்டியிருக்காரு. நீங்க எல்லாரும் அவரை மாதிரி ஆகணும். அதுதான் நம்ம இலக்கு."

சான்றிதழைச் சட்டம் போட்டு அந்த ஆணிக்குக் கீழே மாட்டினார்கள். மச்சானால் அடக்க முடியவில்லை. என் பக்கம் சாய்ந்து, "மாப்ள, ஆணிக்கு அடுத்த மாசம் ப்ரமோஷன்டா" என்றார். நான் சிரித்துவிட்டேன். கீச்!

இரண்டாவது சிவப்பு. கிடங்கே திரும்பிப் பார்த்தது. சொன்ன மச்சான் பச்சையில் இருந்தார், கேட்ட நான் சிவப்பில். மேடம் என்னைப் பார்த்துக் கருணையோடு தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு கனவில் வந்தது.

அதற்கப்புறம் ஹார்னைக் கழற்றினார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டவரில் சில நேரம் கல்மாவு புனலின் கழுத்தில் கட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். மேலிருந்து வருகிற மாவு அதன்மேல் மலை மாதிரி குவியும், செக்கச்செவேல் என்று நெருப்பாக. அப்போது ஒருத்தர் கீழ்த் தளத்தில் நின்று, புனலில் இருக்கும் துளை வழியாக நீளக் கம்பியை விட்டு அடைப்பைக் குத்தி உடைப்பார். அது மச்சானின் வேலை. இன்னொருத்தர் மேல் தளத்தில் புனலின் சின்னக் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். அது என் வேலை. குவியல் அசைந்தால், உடனே ஹார்னை இழுக்க வேண்டும். கீழே இருப்பவர் கம்பியைப் போட்டுவிட்டு ஓடிவிட வேண்டும். ஏனென்றால் அடைப்பு உடையும்போது மாவு தண்ணீர் மாதிரி பாயும், துளை வழியாகவும் பீறிக்கொண்டு வரும். அதில் அகப்பட்டவர்களைப் பற்றி டவரில் யாரும் பேசுவதில்லை.

ஹார்ன் காற்றழுத்தத்தில் ஓடுவது. காற்றை அழுத்தும் இயந்திரம் டீசலில் ஓடுவது. ஆகவே ஹார்ன் போனது. பதிலுக்கு எனக்கு ஒரு பச்சைக் கொடி கொடுத்தார்கள்.

"நடுவுல இரும்புத் தகடு போட்ட தரை இருக்கு சார்," என்றேன் மூச்சு அலுவலரிடம், பச்சைக்குள் அடங்குகிற குரலில். "படிக்கட்டு இறங்கற சந்துதான் இருக்கு. கொடியை ஆட்டினா கீழ இருக்கறவருக்கு எப்படித் தெரியும்?"

"மேல பார்த்துக்கிட்டே வேலை செய்யச் சொல்லுங்க."

"மேல பார்த்தா துளை தெரியாதே?"

"துளையை ஒருதரம் பார்த்து மனசுல வெச்சுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பூனை நடையில் போய்விட்டார்.

அடைப்பு வந்தது. மச்சான் கண்ணாடி முகமூடியை மாட்டிக்கொண்டு கம்பியோடு இறங்கினார். நான் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே குவியல் அடங்கி உட்கார்ந்திருந்தது, பார்க்கவே முகம் எரிந்தது. கீழே கம்பி இடிக்கும் சத்தம். டங். டங். என் மானி மஞ்சளில் இருந்தது. பயப்படாதே, பயப்படாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டாக்டர் ஞாபகம் வந்து இன்னும் பயமானது.

குவியலின் உச்சியில் ஒரு சின்னக் குழி விழுந்தது.

கொடியை ஆட்டினேன். கம்பி இடித்துக்கொண்டே இருந்தது. குழி பெரிதானது. கொடியைச் சந்து வழியாக நீட்டி ஆட்டினேன். டங். டங். மானியில் மஞ்சள் துடித்தது. கத்தினால் மூன்றாவது சிவப்பு. அக்கா, அவள் வயிறு, அந்த இரண்டு அறை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. ரொம்பக் குறைவான நேரமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நின்றேன்.

"ஓடு மச்சான்!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். கம்பி விழும் சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் கடல் உடைந்த மாதிரி ஒரு இரைச்சல். டவர் முழுக்கப் புழுதி. மானி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது, யாருக்கும் கேட்கவில்லை.

மச்சானுக்கு வலது கை முழங்கைவரை வெந்துபோனது. உயிர் இருந்தது. பாய்ந்த மாவு கேபிள்களை எல்லாம் தின்றுவிட்டது, சூளையை நிறுத்த வேண்டியதாயிற்று. அக்கா ஆஸ்பத்திரியில் கத்திய கத்து தெருமுனைவரை கேட்டது. அவளுக்கு மானி கிடையாது, நல்ல வேளை.

கட்டுப் பிரிக்கும் முன்பே விசாரணைக்கு அழைத்தார்கள். நீள மேஜை, அந்தப் பக்கம் மேடம், மூச்சு அலுவலர். இந்தப் பக்கம் நான், மச்சான், ஃபோர்மேன். மேடம் பேசத் தொடங்கினார், நாங்கள் முன்னால் சாய்ந்தோம்.

"கத்தினீங்களா?"

"கத்தினேன் மேடம்."

"என்னன்னு?"

"ஓடு மச்சான்னு."

"'ஓடு'ன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே. உறவுமுறை அவசியமா?"

"அவசரத்துல வந்துடுச்சு மேடம்."

"சரி. அவர் ஓடலைன்னா என்ன ஆகியிருக்கும்?"

"செத்திருப்பாரு மேடம்."

அவர் முகம் சுருங்கியது. "அந்த மாதிரி வார்த்தையெல்லாம் நாங்க பயன்படுத்தறதில்லை. நிரந்தரக் குறைப்புன்னு சொல்லுவோம். இவருக்கு வயசு என்ன?"

"முப்பத்தி நாலு மேடம்" என்றார் மச்சான்.

மூச்சு அலுவலர் எதையோ தட்டிப் பார்த்து மேடத்திடம் காட்டினார். மேடம் பெருமூச்சு விட்டார். அளக்கப்படாத பெருமூச்சு. "இன்னும் எத்தனை வருஷம் மூச்சு விடப்போறாரு பாருங்க. போதாததுக்கு இவருக்குக் குழந்தை வேற வரப்போகுது. இதுக்கெல்லாம் தார்மீகப் பொறுப்பு யாருது? அவர் இறந்திருக்கணும்னு நான் சொல்லலை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தவிர்த்திருக்கக்கூடிய உமிழ்வுன்னுதான் சொல்றேன்."

மச்சான் கட்டுப்போட்ட கையைத் தூக்கினார். "நான் வேணா கொஞ்சமா வாழ்ந்துக்கறேன் மேடம். அவன் வேலையை எடுத்துடாதீங்க."

அவர் கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. மூச்சு அலுவலர் அதைக் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு சுவரில் ஒரு படம் காட்டினார்கள். ஆலைப் புகைபோக்கியின் உமிழ்வைக் காட்டும் கோடு. மாதக்கணக்காக மேலேயே ஓடிக்கொண்டிருந்த கோடு, திடீரென்று கிணற்றில் விழுந்த மாதிரி தரையில் படுத்திருந்தது.

"இது என்ன?" மேடத்தின் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது.

"சூளை நின்னுபோச்சு இல்லையா மேடம், அதான்" என்றார் ஃபோர்மேன்.

"எப்படி நின்னுது?"

"அடைப்பால."

"அடைப்பு..." அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்து ருசித்தார். கண்கள் கலங்கியிருந்தன. "எந்த ஆலையாலும் முடியாததை ஒரு அடைப்பு செஞ்சிருக்கு. மாசம் ஒண்ணு வருமா?"

"வராம பார்த்துக்கத்தான் மேடம் எங்களுக்குச் சம்பளம்."

"இனிமே வர்றதுக்குத் தர்றோம்."

ஃபோர்மேன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சம்பவத்துல உமிழ்வுன்னு இருந்தது உங்க சத்தம் ஒண்ணுதான். அதை எடுத்துட்டா இது முழுச் சுத்தம். உங்க மூணாவது சிவப்பை ரத்து பண்றேன். வேலை இருக்கும், வீடு இருக்கும். அடுத்த அடைப்புல நீங்க அதே இடத்துல நிக்கணும், அவர் அதே இடத்துல நிக்கணும். ஒரு சத்தம் வரக் கூடாது. சரியா?"

நான் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். என் வாய் சொல்லிவிட்டது.

"சரி மேடம்."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பார்க்கவில்லை. வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"வேலை இருக்கு" என்றார் மச்சான்.

"அதை ஏன் ரெண்டு பேரும் சாவு வீட்டுல சொல்ற மாதிரி சொல்றீங்க?"

நாங்கள் இருவரும் கால் கழுவப் போய்விட்டோம்.

கேபிள் மாற்றி, சூளையை மறுபடி மூட்டினார்கள். புனல்களில் மாவு ஒட்டாமல் தட்டிவிடுகிற ஆட்களை ஆணையம் வேறு இடத்துக்கு மாற்றியது. அடைப்பு இயற்கையாக வர வேண்டுமாம். மச்சானின் கையில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக வளர்ந்து முடிந்த சமயம், அது இயற்கையாக வந்தது. மேடமும் அலுவலர்களும் கட்டுப்பாட்டு அறையில், தூரத்தில், திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். எனக்கு ஏற்கெனவே மஞ்சள்.

படிக்கட்டில் இறங்கப்போன மச்சான் சந்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"மாப்ள."

"என்ன மச்சான்?"

"கத்துவியா?"

கத்துவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தெரியலை மச்சான்" என்று வந்தது.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் இடுப்பில் சுற்றியிருந்த ஒரு கயிற்றை அவிழ்த்தார். ஒரு முனையை இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, மறு முனையை என் கையில் திணித்தார்.

"கத்த வேணாம். அசைஞ்சா இழு."

இறங்கிப் போனார். கயிறு சந்து வழியாக அவரோடு இறங்கியது. டங் என்று ஒரு முறை கம்பி இடித்தது. உடனே கம்பியைப் போட்டுவிட்டு ஓடும் சத்தம். நான் உள்ளே பார்த்தேன், குவியல் அசையவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மச்சான் சந்துக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏன்டா இழுத்த?" குரலே இல்லாமல் வாயசைத்தார்.

"இழுக்கலை மச்சான். கை நடுங்குது."

மறுபடி போனார். மறுபடி ஓடினார். மறுபடி வந்து நின்றார். முகமூடிக்குள் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை, மற்றக் கையால் பிடித்துப் பார்த்தேன், அதுவும் நடுங்கியது. மச்சான் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அதில் கட்டியிருந்த கயிறு குளிரில் நிற்கிற ஆட்டுக்குட்டி மாதிரி உதறிக்கொண்டிருந்தது.

"சரி, நடுங்கட்டும்," என்றார். "நடுங்கற வரைக்கும் நீ பார்த்துட்டிருக்கேன்னு தெரியும். அசைஞ்சா கயித்தை விட்டுடு. நடுக்கம் நின்னா ஓடிடறேன்."

கம்பி இடிக்கத் தொடங்கியது. நான் கதவுக்குள் பார்த்தபடி நடுங்கிக்கொண்டே நின்றேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு ஒழுங்காக எந்த வேலையையும் செய்ததில்லை. சிவந்த குவியலின் உச்சி மெல்லக் கீழே சரிந்தது.

விரல்களைத் திறந்தேன். கயிறு சந்துக்குள் விழுந்தது. கீழே இரும்புத் தரையில் தடதடவென்று காலடிச் சத்தம், தூரமாக, இன்னும் தூரமாக ஓடியது.